மீனுக்குப் பிறகு மோர்

1

இன்று அத்தான் இறந்து இரண்டாவது ஆண்டு. அத்தான் என்றால் என் அக்கா பிலோமினாவின் கணவர். காலையில் இங்குள்ள சின்னக் கத்தோலிக்கக் கோயிலில் அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தோம். குருவானவர் போலந்துக்காரர். சூசைதாசன் என்ற அத்தானின் பெயரை ஒரு துண்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதை வாசித்த விதத்தைக் கேட்டிருந்தால் அத்தானே எழும்பி வந்து, "ஆரப்பா அது?" என்று விசாரித்திருப்பார்.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மகள் மெலனி கொட் மீனைச் சுட்டு மேசையில் வைத்திருந்தாள். பக்கத்தில் கெஃபிர்ப் பெட்டி. கெஃபிர் இங்கே எல்லாக் கடைகளிலும் விற்கும் புளித்த பால். நம்முடைய மோருக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தடிப்பு, கொஞ்சம் நுரை, வெங்காயமும் பச்சை மிளகாயும் கிடையாது. மெலனி மீனில் ஒரு துண்டு எடுப்பாள், கெஃபிரில் ஒரு மிடறு குடிப்பாள், மறுபடி மீன். இடையில் தொலைபேசியைப் பார்த்து நோர்வே மொழியில் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு இது ஒரு சாதாரண மத்தியானச் சாப்பாடு.

கடற்கரையோரத்து எங்கள் ஊரான குருநகரில் பிறந்த எவரும் இந்தக் காட்சியைக் கண்டால் "ஐயோ பிள்ளை!" என்று கத்திக்கொண்டு கோப்பையைப் பறித்திருப்பார்கள். என் மனைவி றெஜினாவும் பறித்திருப்பாள். அவள் கோயிலிலிருந்து நேரே வேலைக்குப் போய்விட்டதால்தான் மெலனியால் இரண்டையும் ஒரே மேசையில் வைக்க முடிந்தது. நான் பறிக்கவில்லை. எனக்கும் ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். போன வருடம் இதே நாளில் குருநகரில் அக்கா வீட்டில் நடந்த ஒரு காரியத்துக்குப் பிறகு எனக்கு அந்தத் துணிவு வந்துவிட்டது.

2

நான் இருப்பது நோர்வேயின் வட கரையில், மீனை நம்பிப் பிழைக்கும் ஒரு சிறிய நகரத்தில். போர்க்காலத்தில் நாங்கள் பலர் இப்படியான ஊர்களுக்கு வந்து மீன் தொழிற்சாலைகளில் சேர்ந்தோம். "இஞ்சை கடலுக்குப் போகத் தேவையில்லை, மீன் தானாய் வரும்" என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். பொய்யில்லை. ஓடுகிற பட்டியில் மீன் வரும், வெட்டுவோம், அடுத்தது வரும். அப்பாவும் அத்தானும் வள்ளத்தில் போய் உயிரைக் கொடுத்துப் பிடித்ததை நான் கையுறை போட்டுக்கொண்டு நின்ற இடத்தில் கூறுபோட்டேன்.

நின்ற இடத்தில் நின்றதில் முதுகு போயிற்று. முதுகு வலிக்குக் குளிசை போட்டேன். குளிசை வயிற்றில் கைவைத்தது. சாப்பிட்டால் பொருமல், சாப்பிடாவிட்டால் எரிவு. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் வேலைக்குப் போய் வருவேன்.

இங்கே வைத்தியரைப் பார்ப்பது தனி அலுவல். முதலில் தொலைபேசியில் ஓர் இயந்திரத்தோடு கதைக்க வேண்டும். அது சொல்லும் எண்ணை அமத்த வேண்டும். தப்பான எண்ணை அமத்தினால் நன்றி சொல்லி வைத்துவிடும். எப்படியோ உள்ளே போனால், "வலிக்குப் பத்துக்குள் எத்தனை கொடுப்பீர்கள்?" என்று கேட்பார்கள். குறைத்துச் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கூட்டிச் சொன்னால் வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் நான் நடுவில் ஒன்றைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் வேறொரு நகரத்திலிருந்து தொலைபேசியில் வந்தார். மானிப்பாய்க்காரர், நல்ல மனிதர், முதலில் என் ஊரையும் உறவையும் விசாரித்தார். வைத்தியர் பேனையை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். "வயிறு ஊதிக்கொண்டு கிடக்கு" என்று நான் சொன்னதை மானிப்பாய்க்காரர் என்னவென்று மொழிபெயர்த்தாரோ தெரியாது, வைத்தியர் எழும்பி வந்து குழாயை வயிற்றில் வைத்து நெடுநேரம் உற்றுக் கேட்டார்.

தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று கடிதம் வந்தது. குளிசையை மாற்றினார்கள். கடைசியில் வைத்தியர், தினமும் ஒரு கோப்பை கெஃபிர் குடித்துப் பாருங்கள், சிலருக்கு உதவும், சிலருக்கு உதவாது என்றார். எனக்கு உதவியது. சில வாரங்களில் பொருமல் அடங்கி, இரவில் மனிதனாகப் படுக்க முடிந்தது. இதை நான் மருந்தென்று எவருக்கும் சொல்ல வரவில்லை. பால் ஒத்துவராத என் சிநேகிதர் ஒருவர் என் பேச்சைக் கேட்டுக் குடித்தார். அதன் பிறகு வெகுநாட்களாக அவர் என் அழைப்பை எடுக்கவேயில்லை.

3

வயிற்றுக்கு அமைதி வந்தது, மனதுக்கு வரவில்லை. காரணம் மீன்.

மீன் சாப்பிட்ட நாளில் தயிரோ மோரோ தொடக்கூடாது, தொட்டால் தோலில் வெள்ளை விழும் என்பது நம்மூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும். ஆனால் வெள்ளி செவ்வாயில் சைவம் காக்கும் வீடுகளுக்கு இந்தச் சட்டம் ஒரு பாரமில்லை. குருநகரில் நாங்கள் தினமும் மீன் தின்கிறவர்கள். தவக்கால வெள்ளிகளும் பெரிய வெள்ளியும் தவிர எங்கள் வீட்டில் மீன் வேகாத நாளில்லை. அதனால் மோர் எங்களுக்குத் தவக்காலத்தோடு வந்து தவக்காலத்தோடு போய்விடும். மற்றப் பிள்ளைகளுக்கு வயிற்றுக்குத் துயரம் என்றால் மோர் கொடுப்பார்கள். எங்களுக்கு ஓமத்தண்ணிதான்.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பயத்துக்கு ஓர் ஆளும் உண்டு. அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா. கலியாணம் பேசி முடித்திருந்த நேரத்தில் அவருடைய விரல்களில் வெள்ளை விழுந்தது. பிறகு முழங்கை வரை ஏறியது. மாப்பிள்ளை வீட்டார் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஏன் வந்தது என்று வீடு முழுக்கத் தேடியது. முந்தின வருடம் ஒரு கோயில் தேர் நாளில், மீன் சாப்பிட்டுவிட்டு நகரத்துக்குப் போனவர், வெயில் தாங்காமல் தண்ணீர்ப்பந்தலில் மோர் வாங்கிக் குடித்தார் என்று கண்டுபிடித்தார்கள். அன்று அவரோடு கூடப் போனது அக்கா. அக்காவுக்கு அப்போது பத்து வயதும் இராது. பந்தலில் நீட்டிய மோரை அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "பிலோமினா குடிக்கேல்லை, தப்பினாள்" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சின்னம்மா கலியாணம் செய்யாமலே போய்ச் சேர்ந்தார்.

மோருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று மெலனி எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறாள். தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்ற நோர்வேக்காரர் மீனையும் புளித்த பாலையும் ஒரே மூச்சில் உள்ளே தள்ளிவிட்டு ஏப்பம் விடுவார். அவருடைய தோல் முழுக்க வெள்ளைதான் என்பதால் அவரை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியவில்லை. நான் என்னளவில் ஓர் ஒழுங்கு செய்துகொண்டேன். காலையில் கெஃபிர், பின்னேரம் மீன். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் விடவேண்டும் என்று ஊரில் எவரும் சொல்லித் தந்ததில்லை. வருடங்கள் போகப் போக அந்த இடைவெளி தானாகக் குறைந்தது. குளிக்கும்போது மட்டும் கைகளை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வேன்.

4

அத்தானின் செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. அடக்கம் காத்திருக்காது. வட நோர்வேயிலிருந்து புறப்படும் விமானங்களோ நம்மைக் காத்திருக்க வைக்கும். ஆண்டுப் பூசைக்கு வருகிறேன் என்று அக்காவுக்குச் சொன்னேன். றெஜினாவுக்கு லீவு கிடைக்கவில்லை, மெலனி தானும் வருகிறேன் என்றாள். அவள் எங்களோடு எங்கும் வருவதை நிறுத்திக் கன காலம். அதனால் நான் காரணம் கேட்கவில்லை, கேட்டால் மனதை மாற்றிவிடுவாள் என்ற பயம்.

புறப்படுவதற்கு முன் அக்கா தொலைபேசியில் ஒன்று சொன்னார். அவருடைய பிள்ளைகள் இருவரும் கனடாவில். அந்த வருடத் தொடக்கத்தில் மகன் குடும்பத்தோடு வந்து நின்றிருக்கிறான். போத்தல் தண்ணீர், கடைச் சாப்பாடு. அக்கா வைத்த குழம்பைப் பேரப்பிள்ளைகளுக்குத் தொடவும் கொடுக்கவில்லையாம், வயிற்றுக்கு ஒத்துவராதாம்.

"நீயாவது வந்து என்ர சட்டியிலை சாப்பிடு, தம்பி" என்றார் அக்கா.

"சாப்பிடாமல்? அதுக்குத்தானே வாறன்" என்றேன் நான்.

அதைச் சொன்னபோது உண்மையாகவே அதைத்தான் விரும்பினேன். அக்கா வீட்டில் அந்த வீடு தின்பதைத் தின்ன வேண்டும், எனக்கென்று தனியாக அடுப்பு எரியக்கூடாது. அந்தப் பயணத்தில் எனக்கிருந்த ஆசை அது ஒன்றுதான். பெட்டியில் கெஃபிர் கொண்டுபோக முடியாது என்ற யோசனை எனக்கு வரவேயில்லை.

முதல் நாள் பாரைக் குழம்பு. இரண்டாம் நாள் கூழ். ஒடியல் என்ற காய்ந்த பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் றாலும் பயிற்றங்காயும் புளியும் போட்டு, செத்தல் மிளகாயை அக்கா தன் கையால் அரைத்துக் கலந்த கூழ். மெலனி மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டு கோப்பை குடித்தாள். "மாமி, இது டேஞ்சர்" என்று சொல்லிவிட்டு மூன்றாவதுக்கும் நீட்டினாள். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நானும் மூன்று கோப்பை குடித்தேன். விடிவதற்குள் என் வயிறு பழைய கணக்குகளையெல்லாம் கேட்கத் தொடங்கிவிட்டது.

அக்காவிடம் மோர் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் தந்திருப்பார். ஆனால் அன்றைக்கு எனக்கு மீன் தரமாட்டார், அது நிச்சயம். மீன் இல்லாமல் ஒரு நாள், பிறகு இன்னொரு நாள், பிறகு தம்பிக்கென்று ஒரு தனிச் சட்டி. அவருடைய மகன் நடந்த வழியில் நானும் நடப்பேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

5

எனக்கு ஓய்வூதிய அலுவலுக்காகப் பிறப்புப் பதிவின் புதிய பிரதி ஒன்று தேவைப்பட்டது. நோர்வேயில் என் பிறந்த திகதி இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கிறது. அந்தக் கதையை எழுதினால் இந்தக் குறிப்பு முடியாது. பிரதிக்காக நகரத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக அந்தச் சொல்லைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். தினமும் வீட்டைவிட்டு வெளியே போக எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அலுவலகத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு சைவக் கடை. உள்ளே மூலை மேசையில் உட்கார்ந்து மோர் கேட்டேன். பெரிய கிளாசில் வந்தது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு, கொஞ்சம் தேசிக்காய், அதாவது எலுமிச்சைப் புளி. வயிறு அதை அடையாளம் கண்டுகொண்டது. வீட்டுக்குப் போய் அக்கா வைத்த சூடைமீன் பொரியலையும் குழம்பையும் ஒரு குறையில்லாமல் சாப்பிட்டேன். மறுநாளும் அலுவலகம், மறுநாளும் மோர். பிரதி கையில் கிடைத்த பிறகும் நான் அந்த அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதாவது அக்காவுக்கு அப்படிச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

குருநகர் ஆள் ஒருவன் நகரத்தில் தினமும் சைவக் கடையில் உட்கார்ந்திருந்தால் அது எவருக்கும் தெரியாது என்று நான் நினைத்தது, இவ்வளவு காலம் வெளியில் இருந்ததன் விளைவு. ஒரு நாள் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"தம்பி, திரேசம்மா சந்தையிலை வைச்சுக் கேட்டவள், உன்ர தம்பி சைவத்துக்கு மாறிட்டாரோ எண்டு." திரேசம்மா அக்காவுக்கு அடுத்த வீடு, மீன் விற்கிறவர். "நான் இல்லையெண்டனான். நாலைஞ்சு பேர் கண்டதாம். உண்மையோ?"

"கடைக்குப் போனனான்தான் அக்கா..."

"ஒவ்வொரு நாளுமோ?"

அக்கா கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ர வீட்டு மீன் மணக்குதோ உனக்கு?"

நகரத்துப் பேருந்தில் எங்கள் பெண்கள் மீன் கடகப் பெட்டியோடு ஏறினால் தள்ளி உட்காருகிறவர்களை அக்கா சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். வெளிநாடு போய்ப் பணம் கண்டதும் தாங்கள் மீனே தொடுவதில்லை என்று சொல்லித் திரிகிற சிலரையும் பார்த்தவர். என்னையும் அந்த வரிசையில் வைத்துவிட்டார் என்று விளங்கியது. வட நோர்வேயில் மீன் செதில் என் தலைமயிருக்குள் இருக்கும், மணம் தோலை விட்டுப் போகாது, அந்த மணத்தோடுதான் மெலனியைத் தூக்கி வளர்த்தேன் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். அதற்குள் அக்கா மறுபடி மீனை வெட்டத் தொடங்கினார்.

6

மறுநாள் மத்தியானம் முன் விறாந்தையில் எனக்குத் தனியாக மேசை போட்டிருந்தது. புதுச் சட்டியில் பருப்பு. நீர்வேலிக்காரர் ஒருவரிடம் வாங்கிய வாழைப்பூவில் வறை. கத்தரிக்காய்ப் பால்கறி. மூடி திறக்காத ஒரு போத்தல் தண்ணீர். எல்லாம் சுத்தமாக, ஒரு தட்டால் மூடி.

"உனக்கு வேறையாய்ச் சமைச்சிருக்கிறன். பயப்பிடாமல் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அக்கா குசினிக்குள் போய்விட்டார். உள்ளே அவரும் மெலனியும் மீன் குழம்போடு சாப்பிடுகிற சத்தம் கேட்டது. மெலனி முள்ளைப் பற்றி ஏதோ கேட்டாள், அக்கா சிரித்தார். நான் வாழைப்பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை.

மெலனி தன் கோப்பையோடு வெளியே வந்து என்னை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் இப்ப ஹோட்டலிலை இருக்கிற மாதிரி."

"உள்ளை போ பிள்ளை."

அவள் போகவில்லை. திரும்பி நின்று குசினிப் பக்கம் பார்த்துச் சொன்னாள்: "மாமி, அப்பாக்கு மீன் விருப்பம். அப்பாக்கு வயிறு சுகமில்லை. மோர் குடிச்சால்தான் சரி. நோர்வேயிலை எவ்ரி டே குடிக்கிறவர். உங்களுக்குச் சொல்லப் பயம்."

அவளுடைய தமிழ் உடைந்துதான் வரும். அன்றைக்கு ஒரு சொல்லும் உடைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அக்கா கையைக் கழுவாமலே வந்தார். "வயித்துக்கு என்ன?"

சொன்னேன். முதுகில் தொடங்கி, குளிசை, குழாய், கெஃபிர் எல்லாம் சொன்னேன்.

"அதை ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"நீயாவது என்ர சட்டியிலை சாப்பிடு எண்டு நீங்கள்தானே சொன்னியள். மோர் கேட்டால் மீன் தரமாட்டியள். பிறகு இதுதான் நடக்கும்." புதுச் சட்டியைக் காட்டினேன்.

அக்கா சட்டியைப் பார்த்தார். பிறகுதான் மற்றது அவருக்கு உறைத்தது.

"அப்ப நீ அங்கை மோரைக் குடிச்சுப்போட்டு இஞ்சை வந்து மீன் சாப்பிட்டனியோ? ஒரே நாளிலையோ?"

"ஓம்."

"அங்கை நோர்வேயிலையும்?"

"அங்கையும்தான். கன வருசமாய்."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து முற்றத்துப் பக்கம் இழுத்தார். குழம்பு பட்ட கையாலேயே என் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே தள்ளிவிட்டு, விரல் விரலாக, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அக்கா பார்த்த பார்வையில் எனக்கு ஐந்து வயது.

"அப்பிடி ஒண்டும் வராது மாமி, டொக்டர்மார் சொல்லுகினம்" என்றாள் மெலனி.

"உன்ர டொக்டருக்கு எங்கட சின்னம்மாவைத் தெரியுமோ?"

அக்கா கையை விட்டார்.

"மோர்தான் வேணுமெண்டால் குடி. வயித்தை வைச்சு விளையாடக்கூடாது. ஆனால் மீனை விடு. ரெண்டும் வேண்டாம்."

"எனக்கு ரெண்டும் வேணும் அக்கா" என்றேன். "மோர் இல்லாட்டி வயிறு விடாது. உங்கட மீன் இல்லாட்டி நான் இஞ்சை வந்ததுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. தனிச் சட்டி வைச்சியளெண்டால் அடுத்த முறை ஹோட்டலிலைதான் நிப்பன்."

கொஞ்சம் கூடச் சொல்லிவிட்டேன் போலிருந்தது. அக்கா மேசையிலிருந்த பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று பின்னேரம் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. படுக்கப் போகும்போது மட்டும் கேட்டார்: "அந்தக் கடையிலை மோருக்குள்ளை என்ன போடுறாங்கள்?"

சொன்னேன். "தேசிக்காய் ஏன்? தயிர் புளிக்காட்டித்தான் அது தேவை" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

7

ஆண்டுப் பூசை காலையில் நடந்தது. அத்தானோடு கடலுக்குப் போனவர்களில் இருப்பவர்கள் வந்து முன் வாங்கில் உட்கார்ந்தார்கள். மத்தியானம் வீட்டில் சாப்பாடு. விறாந்தையிலும் முற்றத்துப் பந்தலிலும் சனம். பெரிய பாரை ஒன்று வாங்கிக் குழம்பு வைத்திருந்தார்கள். திரேசம்மா தன் கையால் தெரிந்தெடுத்த மீன் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு பரிமாறினார். என்னைக் கண்டதும், "தம்பிக்கு மீன் வைக்கலாமோ?" என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"வை" என்றார் அக்கா உள்ளேயிருந்து.

எனக்குப் பெரிய துண்டாக வைத்தார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது அக்கா ஒரு தட்டில் இரண்டு பேணியோடு வந்தார். பேணிகளில் மோர். வெங்காயமும் மிளகாயும் மேலே மிதந்தன. தயிர் எப்போது உறைய வைத்தார், பால் யாரிடம் எடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தவக்காலம் முடிந்து எவ்வளவோ நாள். அந்த வீட்டில் மோர் இருக்க வேண்டிய காலமே இல்லை.

ஒரு பேணியை என் மீனுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்து, தனக்கும் சோறும் மீனும் போட்டுக்கொண்டார். மற்றப் பேணியைத் தன் பக்கத்தில் வைத்தார்.

திரேசம்மா அகப்பையோடு நின்றுவிட்டார். "என்ன பிலோமினா, மீனோடையோ?"

"ஓம், மீனோடைதான்."

"விசரே உனக்கு? உங்கட குடும்பத்திலை நடந்தது காணாதே?"

அக்கா ஒரு வாய் சோறும் மீனும் எடுத்து மென்று விழுங்கினார். இடது கையால் பேணியை எடுத்தார். வலது கை சோறும் குழம்புமாக இருந்தது. அந்தக் கையாலேயே சிலுவை போட்டார். நெற்றியில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு, குழந்தைகள் கசாயம் குடிப்பதுபோல, ஒரே மூச்சில் மோரைக் குடித்து முடித்தார்.

"விழுகிறதெண்டால் ரெண்டு பேரிலையும் விழட்டும்" என்றார். "மீன் ஆறுது. சாப்பிடு."

அன்றைக்கு நான் அழுதேன். மிளகாய் என்று சொன்னேன். மோருக்குள் மிளகாய் இருந்தபடியால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. திரேசம்மா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே போய், திரும்பி வந்து, எனக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தார்.

8

நாங்கள் நோர்வேக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அக்கா வீடியோவில் வருவார். சுகமோ என்று கேட்பதில்லை, மழையோ வெயிலோ என்று கேட்பதில்லை. முதல் கேள்வி, "கையைக் காட்டு." நான் சட்டைக் கையை உயர்த்திக் கமராவுக்கு முன்னால் இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டுவேன். பிறகு நான் கேட்காமலே அவர் தன் கைகளைக் காட்டுவார். ஊர் இணைப்பு விட்டு விட்டு வரும். சில நேரம் படம் அப்படியே நின்றுவிடும். திரை முழுக்க அக்காவின் உள்ளங்கை மட்டும் கிடக்கும்.

"ஒண்டும் இல்லை" என்பார்.

"இஞ்சையும் ஒண்டும் இல்லை" என்பேன்.

றெஜினாவுக்கு இது பெரிய பகிடி. இரண்டு கிழடுகளும் பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்கிற மாதிரி என்பாள். ஆனால் அவளும் ஒரு தரம் எனக்குப் பின்னால் நின்று தன் கையைத் திருப்பிப் பார்த்ததை நான் கண்டேன்.

இன்று ஞாயிறு இல்லை. ஆண்டு என்பதால் அக்கா எடுத்தார். அங்கே பின்னேரம், பூசைக்கு வந்த சனம் போய்விட்டது, குசினியில் தனியாக இருந்தார். அத்தானின் பெயரை எங்கள் குருவானவர் வாசித்த விதத்தைச் சொன்னேன், சிரித்தார். கைகளைக் காட்டினோம். ஒன்றும் இல்லை.

"இண்டைக்கு என்ன சாப்பிட்டனி?"

"மெலனி மீன் சுட்டவள்."

"மோர் குடிச்சனியோ?"

"குடிச்சனான் அக்கா. மீனோடைதான்."

"ம். நானும் குடிச்சனான்."

அந்த ஒரு நாள் மட்டும்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். "எப்ப? மீனோடையோ?"

"ஒவ்வொரு நாளும்தான். நீ போன நாள் தொடக்கம்."

"ஏன் அக்கா? உங்களுக்கு வயித்துக்கு ஒண்டும் இல்லையே?"

அக்கா அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"பின்னை? உன்னைத் தனியக் குடிக்க விடுறதே?"